தோணி வரும் காற்று

பிள்ளை பொய் சொல்கிறான் என்று எவரேனும் வந்து முறையிட்டால், அதனை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் தகப்பனார் நம் சமுதாயத்தில் அரியர். ‘அல்அமீன்’ என்று பகைவராலும் அழைக்கப்பெற்ற நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் என்று பெருமை பேசும் வீட்டில், ஏழு வயதுச் சிறுவன் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லிவிட்டால், அன்றிரவு தாய்க்கும் தந்தைக்கும் சோறு இறங்குவதில்லை. நம் வீட்டுக்கு அத்தகைய முறையீடு ஒரு தடவையன்று, பல தடவை வந்தது. ஆதலின் இதனைப் பற்றிச் சிந்திக்க நமக்கு வேண்டிய நாளும் கிடைத்தது, நிமித்தமும் கிடைத்தது.

முதல் முறையீடு கிணற்றைப் பற்றியது. நம் வீட்டுக் கிணற்றுக்கும் கடலுக்கும் பூமிக்கடியில் வழி இருக்கிறதாம். இரவானதும் முத்துச்சிப்பிகள் அவ்வழியே ஊர்ந்துவந்து, கிணற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு உறங்குமாம். சுப்ஹு பாங்கொலி கேட்டதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குத் திரும்பிவிடுமாம். இதனை நம் சின்னவன் மதரஸாவில் உடன் ஓதும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறான். அதன் விளைவாக மறுநாள் விடியுமுன் மூன்று சிறுவர்கள் கையில் டார்ச் விளக்குடன் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நின்றனர். அவர்களில் ஒருவன் கைப்பிடிச் சுவரில் ஏறி உள்ளே குனிந்தபோது நம் துணைவியார் பார்த்துவிட்டார். அல்லாஹ் காத்தான். அப்பிள்ளையின் உம்மா வந்து பேசிய பேச்சில் நியாயம் இருந்தது. ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் அவர்களும், “பையனுக்கு ஓதல் நன்றாக வருகிறது; நாக்குத்தான் கொஞ்சம் நீளம்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றே அவனை உட்காரவைத்துக் கேட்டோம். “சிப்பி வருவதை நீ பார்த்தாயா?”

“இல்லை வாப்பா.”

“பின் ஏன் சொன்னாய்?”

“வந்தா நல்லா இருக்கும்ல?”

இந்த மறுமொழிக்கு எதிராகச் சொல்வதற்குத் தகப்பனாரிடம் ஏராளமான சொற்கள் இருக்கவேண்டும். நமக்கு ஒன்றும் அகப்படவில்லை. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடினோம். “இனி ஒன்றைச் சொல்லும்போது, அது கதையா செய்தியா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்” என்று ஒரு கட்டளையும் இட்டோம். அவன் அதனை முழு மனத்துடன் ஏற்றான். அதுமுதல் நம் வீட்டில், “வாப்பா, கதை!” என்றும் “வாப்பா, செய்தி!” என்றும் ஒரு முன்னறிவிப்பு கேட்கத் தொடங்கிற்று.

இவ்விடத்தில் நம் தொழிலைச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில், தோணிகளில் ஏறும் சரக்குக்குக் கணக்கு எழுதி வருகிறோம். மாலத்தீவுக்குப் புறப்படும் தோணியில் காய்கறி எத்தனை, வெங்காயம் எத்தனை மூட்டை, கட்டடச் சாமான் எவ்வளவு என்று எழுதி, தண்டலிடம் கையெழுத்து வாங்குவது நம் வேலை. ஒரு மூட்டை ஏட்டில் கூடினால் அக்கரையில் சண்டை. குறைந்தால் இக்கரையில் சண்டை. முப்பதாண்டுக் காலம் உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகிய கைக்கு, ஒன்றைப் பத்தாக்கிப் பேசும் ஒரு பிள்ளையை அல்லாஹ் அளித்திருக்கிறான்!

அஸர் தொழுகைக்குப்பின் அவனை அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலை வழியாக ரோச் பூங்கா வரையில் நடப்பது அன்றாட வழக்கம். 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைக் காட்டினால், அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். இரும்புப் பெட்டிகளை அடுக்கிய கப்பலில் என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிவதில்லையாம். தோணியிலோ எல்லாம் தெரிகிறது: சமைப்பவன் தெரிகிறான், துணி உலர்த்துபவன் தெரிகிறான், மூட்டையின்மேல் தொழுபவனும் தெரிகிறான். இந்தக் காரணத்தை நாம் மறுக்கத் துணியவில்லை.

அந்நடையில் அவன் கேட்பான், நாம் சொல்வோம். இக்கடலைப் பற்றித் தெரிந்தவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என்பது நாமே நமக்கு இட்டுக்கொண்ட விதி. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். தொலாயிரம் பார், குடமுத்துப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, அக்கல்லின் கனத்தால் விரைந்து அடியில் இறங்குவார். மூச்சடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். அக்கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே வைப்பார்கள் என்று நம் கரையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கயிறு நழுவினால் தாலி இழப்பவள் அவனுடைய உடன்பிறந்தாள் அன்றோ! இதனைக் கேட்ட நாள்முதல் நம் வீட்டுக்கு வரும் மாமாவை அவன் மிகுந்த மரியாதையுடன் நடத்துகிறான்.

தொலாயிரம் பாருக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்டுவிட்டு, நம் விடைக்குக் காத்திராமல், “வாப்பா, கதை!” என்றான். ஆயிரம் பேர் சேர்ந்து அங்கே குளிக்கப் போனார்களாம். நூறு பேருக்குக் கடலடி மிகவும் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்களாம். மீண்டவர் தொள்ளாயிரம் பேர். “அந்த நூறு பேரும் மூச்சுக்கு என்ன செய்தார்கள்?” என்று கேட்டோம். “அதைத்தான் இன்னும் யோசிக்கிறேன்” என்று சொல்லி, வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

வெனிசு நாட்டு மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்து காயலையும் முத்துக்குளிப்பையும் கண்டெழுதியவர். சுறா முதலிய கொடிய மீன்கள் குளிப்போரைத் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர் என்றும், முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கும் சேர்ந்தது என்றும், பகலில் கட்டிய கட்டை இரவில் அவர்களே அவிழ்த்துவிடுவர் என்றும் அவர் குறித்திருக்கிறார். இரவில் எவரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக்கூடாது என்பதற்காக அவ்வேற்பாடு. அத்தகையோரைக் ‘கடல்கட்டி’ என்றே நம் மக்கள் அழைத்தனர். ஆங்கிலேயர் காலத்திலும் அவர்கள் இருந்தார்கள். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது. காப்பவன் ஒருவனே என்பதைப் பிள்ளைக்கும் சொன்னோம். அவனும் தலையசைத்தான். ஆயினும், “ராத்திரி கட்டை அவிழ்க்கும்போது சுறா என்ன சொல்லும் வாப்பா?” என்ற கேள்வி அன்று தூங்கும் வரையில் ஓயவில்லை.

1955 முதல் 1961 வரையில் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பே தூத்துக்குடியில் கடைசி. அதன்பின் பார்களில் சிப்பி பெருகவில்லை. கடல் வழியாக வந்த அந்த வருவாயும் நின்றது. 1973ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அழகர்சுவாமி அவர்கள் தலைமையில் இவ்வூரிலேயே சிப்பிக்குள் உருமணியை வைத்து முத்தை விளைவித்துக் காட்டினர். இவற்றை அவன் ‘செய்தி’ வரிசையில் சேர்த்துக்கொண்டான். விலாங்குச்சல்லித் தீவு கடலில் முழுகிப்போனதையும் சொன்னோம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததால் அலையைத் தடுப்பார் இன்றி அது கரைந்தது. இங்கேதான் அவன் நம்மோடு வழக்காடினான். தீவு முழுகவில்லையாம், மனிதர்கள் மிகவும் தொந்தரவு கொடுத்ததால், கொஞ்ச நாள் கீழே இருந்துவிட்டு வரலாமென்று இறங்கியிருக்கிறதாம்.

இப்பேச்சுகளைப் பொய்யென்று தள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை. மனம் ஒப்பாதது மட்டும் போதாது, மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும் அல்லவா? அபூதாவூதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒரு தாயார் தம் சிறுவனை, ‘வா, ஒன்று தருகிறேன்’ என்று அழைக்கிறார். அங்கு அமர்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள், ‘என்ன கொடுக்க நினைத்தீர்?’ என்று வினவுகிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் அம்மாது. கொடுக்காமல் இருந்திருந்தால் அது அவர்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரிக்கிறார்கள். மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இளம்பருவத்தில் நிகழ்ந்தது. காற்றில் திரை விலகியபோது அவர்களுடைய விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரையும், அதற்குத் துணியால் செய்த இரண்டு சிறகுகளும் தெரிந்தன. குதிரைக்குச் சிறகா என்று நாயகம் (ஸல்) கேட்டார்கள். நபி சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்களாம்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெரியவர் பிள்ளையிடம் சொல்லும் சொல்லுக்கு எத்துணைக் கண்டிப்பு! பிள்ளை பொம்மைக்குக் கட்டிய சிறகுக்கு எத்துணைப் புன்முறுவல்! நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. ‘அழாதே, சந்தைக்குப் போய் யானை வாங்கி வருகிறேன்’ என்று நாம் கூசாமல் சொல்வோம். யானை வந்ததென்று பிள்ளை சொன்னால் பிரம்பைத் தேடுவோம்.

இக்கரையின் தகப்பனார்கள் எல்லாரும் அப்படியிருந்தவர் அல்லர். இராமேசுவரத்தில் படகுத்தொழில் நடத்திய ஜைனுலாபிதீன் அவர்கள் யாத்திரிகரை ஏற்றிச்செல்ல மரப்படகொன்று கட்டியபோது, அது நாளுக்குநாள் உருவாவதை அவர் மைந்தன் அருகிருந்து பார்த்துக்கொண்டே இருந்தானாம். பின்னொரு புயல் அப்படகைக் கொண்டுபோயிற்று. 1931இல் பிறந்த அச்சிறுவன் அப்துல் கலாம் விண்கலங்களின் பக்கம் சென்றதையும், நாட்டின் குடியரசுத் தலைவரானதையும் யாவரும் அறிவர். நாம் சொல்ல வந்தது அதுவன்று. தொழுகையைப் பற்றியும் துன்பத்தைப் பற்றியும் அப்பிள்ளை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அத்தகப்பனார் எளிய தமிழில் பொறுமையாக விடை சொல்வார் என்பதை அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் வேறொரு தகப்பனார் இருந்தார். பருத்தி ஆலையும் இயந்திரமுமாக வாழ்ந்த சின்னசாமி ஐயர், தம் மகன் கணிதம் பயிலவேண்டுமென்று விரும்பினார். மகனோ பதினோராம் வயதில் ‘பாரதி’ என்னும் பட்டத்துடன் வந்து நின்றான். கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு ஐயரவர்களின் கவலையும் புரியாமலில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் ஒரு சிறுவனின் விளையாட்டு. அது விளையாட்டாக நில்லாமல் போனது நம் தாயாரின் விஷயத்தில்.

நம் தந்தையார் பாய்த்தோணித் தண்டல். வெங்காயமும் மிளகாயும் ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்தவர். அவர் 1991இல், கடலில் அன்று, நம் வீட்டில் கட்டிலில் காய்ச்சலாய்க் கிடந்து வஃபாத்தானார். உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து எழுந்தார்கள். அதன்பின் முப்பதாண்டுக் காலம் தெளிவாக இருந்த அவர்கள் நினைவு, எண்பது வயதைத் தாண்டியதும் மெல்ல மங்கிற்று. எங்கள் பெயர் மறந்தது. தொழுகையில் ரக்அத் மறந்தது. கடைசியில் தந்தையார் மறைந்ததும் மறந்தது. விடிந்ததும் முற்றத்துக்கு வந்து, “தோணி வந்துருச்சா?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

காயல்பட்டினத்திலிருந்து நம் ராத்தா வந்திருந்த ஒரு நாள், இக்கேள்விக்கு அவர் உள்ளதை உள்ளபடி விடை சொன்னார். “உம்மா, வாப்பா மௌத்தாகி முப்பது வருசமாச்சே.” தாயார் அதனைப் பழைய செய்தியாகக் கேட்கவில்லை. அப்பொழுதுதான் நடந்ததாகக் கேட்டார்கள். கைவளையைக் கழற்றினார்கள். வெள்ளைத் துணி எடுத்துவரச் சொன்னார்கள். ஜனாஸாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வோர் அறையாகத் தேடினார்கள். பகல் முழுதும் அழுது, இரவில் களைத்து உறங்கி, மறுநாள் விடிந்ததும் முற்றத்துக்கு வந்து, “தோணி வந்துருச்சா?” என்றார்கள். ஒரு பெண்பிள்ளை கைம்பெண்ணாவது ஒரு முறை போதும். நாள்தோறும் எவர் தாங்குவார்?

அவ்விரண்டாம் நாள் காலையில் எவரும் வாய் திறவாமல் நின்றபோது, பல் துலக்கிக்கொண்டிருந்த சின்னவன் வந்து அவர்கள் முந்தானையைப் பிடித்தான்.

“வாப்பும்மா, அப்பா தோணி கற்பிட்டிக்கு அந்தப் பக்கம் நிக்குது. காத்து சரியில்லை.”

தாயார் முகத்தில் இருந்த கலக்கம் அப்படியே இறங்கியது. “காத்து சரியில்லேன்னா என்ன செய்வாங்க பாவம்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் காற்றுக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதியதாயிற்று.

ராத்தாவுக்கு மனம் ஆறவில்லை. “தம்பி, உம்மாவை ஏமாத்துறதுக்குப் பச்சைப்பிள்ளையைப் பழக்குறியா? நாளைக்கு அவன் உன்னை ஏமாத்துவான்” என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி நம்மையும் உறுத்திற்று. நமக்குத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. “பையன் அதனால் எதையாவது பெற்றுக்கொண்டானா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “பருவமடையாத பிள்ளைமீது எழுதுகோல் இன்னும் இறங்கவில்லை. உங்கள் நிலை வேறு. உம்மா உங்களைக் கேட்டால், உங்கள் நாவுக்கு நீங்களே பொறுப்பு” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது நம் அனுபவத்துக்கும் ஒத்திருந்தது. அவ்வாக்கியத்தை நம்மால் சொல்ல இயலவில்லை. சொல்லிப் பார்க்க விழைந்தும் நாக்கு எழவில்லை. பிள்ளை கற்பிட்டிக்கு அப்பால் ஒரு தோணியைக் கண்ணால் கண்டுவிட்டே பேசினான். அதன் பாயில் உள்ள ஒட்டுத்துணியின் நிறம் வரையில் அவனுக்குத் தெரியும். நமக்கோ கபுருஸ்தானில் எந்த மூலையில், எந்த வேம்பின் அடியில் என்பது தெரியும். அவன் வாயில் கதையாக இருந்தது நம் வாயில் பொய்யாகிவிடும்.

எனவே தாயார் நம்மைக் கேட்டபோது, காற்றைச் சொன்னோம். “இன்னைக்குக் கச்சான் உம்மா”, “இன்னைக்குக் கொண்டல் உம்மா” என்று அன்றன்று அடித்த காற்றை, துறைமுகத்தில் தண்டல்களிடம் விசாரித்து, பிசகின்றிச் சொன்னோம். அதிலிருந்து தோணி வருமா வராதா என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். வாடை போகும் காற்று, சோழகம் வரும் காற்று என்று அவர்கள் வைத்திருந்த கணக்கு நம் ஏட்டுக் கணக்கினும் திருத்தமானது. சின்னவனும் மாலையில் நம்மிடம் வந்து காற்றையும், எந்தத் தோணி எங்கே எந்தச் சரக்குடன் புறப்பட்டது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுபோய்த் தன் கதைக்குச் சேர்த்துக்கொண்டான். இவ்வாறு மாதங்கள் சென்றன. தோணி சிலாபத்தில் நின்றது; நீர்கொழும்பில் பாய் தைத்தது; கொழும்பில் ஓடு இறக்கியது.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், கதை அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. “வர்ற வெள்ளிக்கிழமை வந்துருவாங்க” என்று சொல்லிவிட்டான். வெள்ளியன்று தாயார் விடியுமுன் எழுந்து தலை முழுகினார்கள். பெட்டியைத் திறந்து அத்தர் எடுத்துப் பூசிக்கொண்டார்கள். சீலா மீன் வாங்கி வரச் சொல்லி, தம் கையாலேயே மசாலா அரைக்கவேண்டுமென்று அடம்பிடித்து, அம்மியருகே அமர்ந்தார்கள். பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் எழவே இல்லை. ஜும்ஆ முடிந்து நாம் வந்தபோது சின்னவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

“வாப்பா, இப்ப என்ன செய்றது?”

“தோணியை ஏவியவன் நீ. நீதான் போய்ச் சொல்லவேண்டும்” என்றோம். நம் துணைவியாருக்கு இது கல்நெஞ்சமாகப் பட்டது. நம் எண்ணத்தில் மாற்றமில்லை. கிணற்றருகே வந்த பிள்ளைகளை நாம் வலை போட்டுக் காத்தோம். இதற்கு நாம் வலை போட இயலாது.

மக்ரிபுக்குப்பின் அவன் போய் அவர்கள் காலடியில் அமர்ந்தான். நாம் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். “வாப்பும்மா… கதை. நான் சொன்னது கதை. செய்தி இல்லை” என்று தேம்பினான். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பின்னர் தாயார் சிரிக்கும் ஒலி கேட்டது.

“எனக்குத் தெரியாதாடா? வாடை அடிக்கையிலே கொழும்புலருந்து எப்படிடா வருவாங்க? அதுவும் வெள்ளிக்கிழமை! ஜும்ஆ தப்புற மாதிரி உங்க அப்பா நங்கூரம் தூக்குவாங்களா? சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லணும்.”

அவர்கள் அறிந்து பேசினார்களா, அறியாமலா? கதை என்பது புரிந்ததா, அல்லது நாள் தவறிவிட்டது என்று மட்டும் கொண்டார்களா? துணைவியார் ஒன்று சொல்கிறார், ராத்தா ஒன்று சொல்கிறார். ஆனால் அன்றிலிருந்து கதை இருவருடையதாயிற்று. அவன் தவறாகச் சொன்னால் அவர்கள் திருத்துவார்கள். எந்தத் துறையில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்த மாதம் கடல் கலங்கும், ஆடிக் காற்றில் கரையில் கிடக்கும் தோணிக்கு என்னென்ன பழுது பார்ப்பார்கள் என்பதையெல்லாம் அவர்கள் சொல்ல, அவன் தோணியை அவ்வாறே ஓட்டினான். மகனாகிய நமக்குத் தெரியாத தந்தையார் அப்பேச்சில் வெளிப்பட்டார். ஒரு பயணத்தில் காற்று முறுகியபோது முதலாளியின் வெங்காய மூட்டைகளைக் கடலில் தள்ளி ஆட்களைக் காத்ததும், திரும்பி வந்து அதற்கு ஈடாகத் தம் கூலியை ஓராண்டு விட்டுக்கொடுத்ததும் நாம் கேட்டறியாதவை. எவர் பெயரும் மறந்துபோன தாயாருக்கு அந்த மூட்டைகளின் எண்ணிக்கை நினைவிருந்தது. நாற்பத்திரண்டு. அதனை நம் கணக்கேட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்தோம்.

அம்மாதமே 17, 18 தேதிகளில் வந்த மழையை இம்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி நகரமும் வெள்ளத்தில் நின்றது. நம் வீட்டில் முழங்காலுக்குமேல் தண்ணீர். மின்விளக்கு இல்லை. கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தி, அதன்மேல் தாயாரை அமர்த்தினோம். சுற்றிலும் கருந்தண்ணீரில் பாத்திரங்கள் மிதந்து சுவரில் இடித்தன. அவர்கள் நடுங்கத் தொடங்கினார்கள். கபுருஸ்தானில் தண்ணீர் ஏறியிருக்குமே என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அதை வெளியில் சொல்லவில்லை. சின்னவன் கட்டிலில் ஏறி அவர்களை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, “வாப்பும்மா, கதை! நாம தோணியிலே இருக்கோம்” என்றான்.

தாயார் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அணியத்தில் யார் நிற்கிறது என்று கேட்டார்கள். தண்ணீரை இறைக்காமல் ஏன் நிற்கிறீர்கள் என்று நம்மையும் துணைவியாரையும் அதட்டினார்கள். நாமும் ஒரு வாளியை எடுத்து, தெருவிலும் அதே உயரத்தில் தண்ணீர் நிற்பதை அறிந்தே, சன்னல் வழியாக இறைக்கலானோம். அப்பொழுது நாம் செய்தது எந்த வரிசையைச் சேர்ந்தது என்று அவன் கேட்கவில்லை. விடியும் வரையில் இறைத்தோம். தாயார் சலவாத்து ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

மறு ஆண்டு ரமலானுக்குப்பின், உறக்கத்திலேயே அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தந்தையாரின் கபுருக்கு அருகில் இடம் கிடைத்தது. கத்தம் ஓத வந்தவர்கள் சின்னவனிடம், “தோணி என்னாச்சு?” என்று அன்பினால்தான் கேட்டார்கள். அவன் மறுமொழி சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டான். அக்கதையை அதன்பின் அவன் தொடரவில்லை, நாமும் கேட்கவில்லை. இப்பொழுது வேறு கதைகள் நடக்கின்றன. விலாங்குச்சல்லித் தீவு வான் தீவுக்குக் கடிதம் எழுதுகிறதாம். எழுத்துப்பிழை நிறைய இருக்கிறதாம்.

ஆனால் மாலையில் நாம் வேலை முடித்து வந்ததும் இன்று என்ன காற்று என்று கேட்கும் வழக்கம் அவனைவிட்டுப் போகவில்லை. நேற்றும் கேட்டான். சோழகம் என்றோம்.